இப்னு பதூதா: எல்லாவற்றையும் தொலைத்தவரின் சாட்சியம்

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு விசாரணைக் குழுவின் முன்னால் சாட்சி சொல்லப் போயிருந்தேன். 2009ஆம் ஆண்டு மாத்தளன் கரையில் எங்களோடு தறப்பாளுக்குக் கீழே இருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதைச் சொன்னேன். எந்தத் திகதி என்று கேட்டார்கள். நான் சொன்ன திகதியும் நாங்கள் அந்த இடத்தில் இருந்த நாட்களும் பொருந்தவில்லை என்றார்கள். ஆவணம் ஏதும் இருக்கிறதா, படம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கவில்லை. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், கல்யாணப் படங்கள் எல்லாம் இருந்த தகரப் பெட்டியை முள்ளிவாய்க்காலுக்குப் போகும் வழியில் விட்டுவிட்டு வந்தவர்கள் நாங்கள். திகதியைப் பிழையாகச் சொன்னால் கண்ணால் கண்டதும் பிழையாகிவிடுமா என்று யோசித்துக்கொண்டே அன்று பஸ் ஏறினேன்.

அந்த நாட்களில்தான் இப்னு பதூதாவை வாசித்தேன். புத்தகத்தைத் தந்தவன் என் பள்ளித் தோழன். மன்னார்க் கரையில் எங்கள் ஊரில் எங்கள் வேலிக்கு அடுத்த வளவு அவர்களுடையது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவன் குடும்பமும் புத்தளத்துக்குப் போனது. போர் முடிந்த பிறகு முதல்முறையாக அவனைத் தேடிப் போனேன். திரும்பும்போது, இந்த மனிதர் இந்தக் கரைக்கு வந்துபோனவர், கொண்டுபோய் வாசி என்று சொல்லி ஒரு தடித்த ஆங்கில மொழிபெயர்ப்பைக் கையில் வைத்தான்.

இப்னு பதூதா உலகம் சுற்றியவர் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். அவர் எத்தனை தடவை எல்லாவற்றையும் இழந்து, உடுத்த துணியோடு கரையில் நின்றார் என்பதை அங்கே யாரும் சொல்லித் தரவில்லை.

தனியே புறப்பட்டவர்

1304 பெப்ரவரியில் மொரோக்கோவின் தஞ்சியர் துறைமுக நகரத்தில் அவர் பிறந்தார். இஸ்லாமியச் சட்டம் படித்து காதிகளாகப் பணியாற்றிய குடும்பம். 1325 ஜூனில், 21 வயதில், ஹஜ் யாத்திரைக்காக வீட்டை விட்டுக் கிளம்பினார். தாயும் தகப்பனும் உயிரோடு இருந்தார்கள். கூட வர ஒரு தோழனும் இல்லை, சேர்ந்து போக ஒரு பயணக் கூட்டமும் இல்லை. வழியில் காய்ச்சல் கண்டது. விழுந்துவிடாமல் இருப்பதற்காகத் தலைப்பாகைத் துணியால் தன்னைச் சேணத்தோடு கட்டிக்கொண்டு போனார். தூனிஸ் நகரத்துக்குள் நுழைந்தபோது கூட வந்தவர்களையெல்லாம் தெரிந்தவர்கள் வந்து கட்டியணைத்து வரவேற்றார்கள். தன்னை விசாரிக்க ஒருவரும் இல்லையே என்று அவர் அழுதார். அதைக் கண்ட யாத்திரிகர் ஒருவர் பக்கத்தில் வந்து பேசித் தேற்றினார். செட்டிகுளம் முகாமில் வரவேற்க யாருமின்றி இறங்கியவர்களுக்கு இந்த அழுகை தெரியும்.

தூனிஸில் ஹஜ் கூட்டம் ஒன்று சேர்ந்தது. இளவயதுக்காரரான அவரையே அதற்குக் காதியாக நியமித்தார்கள். மத்தியதரைக் கடலின் தென்கரையை ஒட்டி, ஸ்பாக்ஸ், காபிஸ், திரிப்போலி என்று நீளும் வழி அது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பாலை. கொள்ளைக்காரருக்குப் பயந்து ஒரு பகுதி வழிக்கு நூறுக்கு மேற்பட்ட குதிரைவீரர்கள் காவல் வந்தார்கள். அந்த வழியிலேயே அவர் கல்யாணம் செய்தார், மாமனாரோடு பிணக்குப்பட்டுப் பெண்ணை விலக்கினார், இன்னொரு பெண்ணை மணந்தார். இரண்டாவது கல்யாண விருந்துக்காக முழுக் கூட்டத்தையும் ஒரு நாள் மறித்து வைத்தார். 1326 வசந்தத்தில் அலெக்சாந்திரியாவை அடைந்தார்.

மக்காவுக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. ஈராக், பாரசீகம் சுற்றினார். கிழக்கு ஆபிரிக்கக் கரையில் மொகதிசு, கில்வா வரை கப்பலில் போனார். ஓமான் கரையில் ஸபார் துறைமுகத்தில் மாடுகளுக்கும் சாளை மீனையே தீனியாகப் போடுவதைப் பார்த்தார். அதே கரையில் சூர் என்ற ஊரிலிருந்து கல்ஹாத்துக்கு நடந்துபோகும்போது வழிகாட்டியாக வந்தவனே கொள்ளையடிக்கப் பார்த்தான். கையில் ஈட்டியைப் பிடித்தபடி இரவைக் கழித்தார். கல்ஹாத்தை அடைந்தபோது கால் வீங்கி நகக்கண்ணில் இரத்தம் கசிந்தது. அந்த ஊர் அதிகாரி ஆறு நாள் வைத்துப் பராமரித்தார். அங்கே இலையில் வைத்துச் சுட்ட மீனும் இந்தியாவிலிருந்து வந்த அரிசிச் சோறும் சாப்பிட்டதை அவர் மறக்கவில்லை. யார் கைவிட்டார், யார் சோறு போட்டார் என்பதை அவர் புத்தகம் முழுக்கக் கணக்கு வைத்திருக்கிறார்.

1333இல் சிந்து நதியைக் கடந்தார். தில்லியில் முகம்மது பின் துக்ளக் அவரைக் காதியாக்கினார். சம்பளமும் மரியாதையும் இருந்தன. நாளை தலை இருக்குமா என்ற பயமும் இருந்தது. பிறகு சுல்தான் தன்னுடைய தூதுவராகச் சீனாவுக்கு அனுப்பினார். தில்லியை விட்டு அதிக தூரம் போகுமுன்னரே கொள்ளைக்காரரிடம் அகப்பட்டு, காற்சட்டையோடு மட்டும் தப்பினார். கள்ளிக்கோட்டையில் சுல்தானின் பரிசுப் பொருட்களை ஏற்றிய பெரிய சீனக் கப்பல் புயலில் உடைந்தது. அவருடைய உடைமைகளும் ஆட்களும் இருந்த மற்றக் கப்பல் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. கையில் மிஞ்சியது பத்துப் பணமும் ஒரு விரிப்பும்தான். வெறுங்கையோடு தில்லிக்குத் திரும்பினால் சுல்தான் என்ன செய்வார் என்று பயந்து மாலைதீவுக்குப் போனார். அங்கும் காதியானார், பல கல்யாணம் செய்தார், ஆட்சியாளரோடு பகைத்தார். 1344 ஓகஸ்ட் முடிவில் கப்பல் ஏறினார். அந்தக் கப்பல்தான் அவரை எங்கள் கரைக்குக் கொண்டுவந்தது.

ஆரியச் சக்கரவர்த்தியின் துறையில்

மூன்று நாளில் கடக்க வேண்டிய கடலில், வழி தெரிந்த மாலுமி இல்லாததால் ஒன்பது நாள் அலைந்தார்கள். பிறகு வானத்தில் புகைத்தூண் போல ஒரு மலை தெரிந்தது. சிவனொளிபாதமலை. முஸ்லிம்களுக்கு அது பாவா ஆதம் மலை. எதிரே தெரிந்த துறையில் இறங்கக் கப்பற்காரர் பயந்தார்கள். அது ஆரியச் சக்கரவர்த்தியின் துறை, கடலில் கப்பல்களை மறித்துப் பறிப்பவர் என்று அவருக்குப் பெயர் இருந்தது. ஆனால் காற்று முற்றிக்கொண்டு வந்தது. என்னை மட்டும் கரையில் இறக்குங்கள், மன்னரிடம் உங்களுக்கும் அபயம் வாங்கித் தருகிறேன் என்று சொல்லி இப்னு பதூதா இறங்கினார்.

அவர் பட்டாலா என்று எழுதும் ஊர் புத்தளம். மரத்தால் மதில் எழுப்பி, மரக் கோபுரங்கள் வைத்த சின்ன அழகான பட்டினம் என்கிறார். ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த கறுவா மரங்கள் கரையில் குன்றாகக் கிடந்தன. தென்னிந்தியக் கரைகளிலிருந்து வந்தவர்கள் மன்னருக்குத் துணி போன்றவற்றைக் கொடுத்துவிட்டு அவற்றை ஏற்றிப் போனார்கள். மன்னர் யாழ்ப்பாண அரசின் ஆரியச் சக்கரவர்த்தி. மார்த்தாண்ட சிங்கையாரியனே அவர் என்று வரலாற்றாசிரியர் சிலர் கருதுகிறார்கள். அவருக்குப் பாரசீக மொழி விளங்கியது. இப்னு பதூதா போனபோது முத்துக் குளிப்பில் வந்த முத்துக்களை அவர் முன்னால் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். விருந்தினருக்கும் கொஞ்சம் முத்து அள்ளிக் கொடுத்தார். கடற்கொள்ளைக்காரர் என்று பயந்து இறங்கிய இடத்தில் மூன்று நாள் ராஜ உபசாரம் கிடைத்தது.

என்ன வேண்டும் என்று மன்னர் கேட்டபோது, மலையில் உள்ள பாதத்தைத் தரிசிக்க வேண்டும் என்றார். மன்னர் பல்லக்கும் தூக்கும் ஆட்களும் கொடுத்தார். வருடந்தோறும் மலைக்குப் போய்வரும் யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், துணைக்குப் பத்துப் பேர், சாப்பாட்டுச் சாமான் சுமக்கப் பதினைந்து பேர். ஒரு மொரோக்கோ முஸ்லிமைச் சுற்றி இத்தனை பேர் கொண்ட கூட்டம் புத்தளத்திலிருந்து தெற்கே கரைவழியாக நடந்தது. முதல் நாளே ஆறு ஒன்றைத் தெப்பத்தில் கடந்தார்கள். மனார் மண்டலி என்று அவர் எழுதும் எல்லை ஊரில் மக்கள் விருந்து வைத்தார்கள். பந்தர் சலாவத் என்று அவர் எழுதுவது சிலாபம் என்பார்கள். அதற்குப் பிறகு யானைக் காடு. பிறகு மலை. அட்டைக்குத் தேசிக்காய் பிழிந்துவிடும் வழக்கத்தையும், பாறையில் தொங்கிய சங்கிலிகளைப் பிடித்து ஏறியதையும், பாதத்தின் நீளம் பதினொரு சாண் என்பதையும் எழுதியிருக்கிறார்.

மலையிலிருந்து இறங்கித் தென்கரைக்குப் போனார். தெவிநுவரையில் கடலோரம் பெரிய கோயில். ஆயிரம் பிராமணரும் யோகிகளும், பாடியாடும் ஐந்நூறு பெண்களும், இரவில் மாணிக்கக் கண் விளக்குப்போல ஒளிரும் பொற்சிலையும் அங்கே இருந்ததாகச் சொல்கிறார். அந்தக் கோயிலைப் போர்த்துக்கேயர் 1588இல் அழித்தார்கள். கல்லில் இருந்தது போய்விட்டது, ஒரு வழிப்போக்கரின் சொல்லில் இருந்தது இருக்கிறது. காலியில் ஒரு முஸ்லிம் கப்பல் தலைவர் வீட்டில் தங்கினார். இலங்கையின் அழகான பெரிய நகரங்களில் ஒன்று என்று கொழும்பைச் சொல்கிறார். அங்கிருந்து மூன்று நாளில் புத்தளம் திரும்பினார். மன்னர் அப்போதும் அங்கே இருந்தார், கப்பலும் அவருக்காகக் காத்திருந்தது.

மூன்று நாள் பனம்பழம்

அந்தக் கப்பலில் சோழமண்டலக் கரைக்குப் புறப்பட்டார். காற்று பலத்தது. பாறையில் மோதத் தப்பிய கப்பல் ஆழமில்லாத கடலில் தரைதட்டியது. பாய்மரத்தை வெட்டி வீசினார்கள், சாமான்களை எறிந்தார்கள். மரத்தால் ஒரு மிதவை கட்டினார்கள். அவரோடு தோழர் இருவரும் அடிமைப் பெண்கள் இருவரும் இருந்தார்கள். மிதவையில் எல்லோருக்கும் இடமில்லை. தோழர்களையும் ஒரு பெண்ணையும் ஏற்றினார். நீந்தத் தெரியும் என்று சொன்ன மற்றப் பெண் மிதவைக் கயிற்றைப் பிடித்தபடி நீந்தினாள். தன்னுடைய பெறுமதியான பொருட்களையும் அனுப்பிவிட்டு அவர் கப்பலிலேயே நின்றார். அடுத்த மிதவைகள் முடியுமுன்னர் இருட்டிவிட்டது. கப்பலுக்குள் தண்ணீர் ஏறியது. பின்னணியத்தின் உச்சியில் ஏறி விடியும்வரை இருந்தார்.

விடிந்ததும் கரையிலிருந்து ஒரு படகு வந்தது. வந்தவர்கள் முஸ்லிம்கள் அல்லர், அந்தக் கரையின் தமிழ்க் குடிகள். ஏற்றிக்கொண்டு போய்க் கரை சேர்த்தார்கள். தாங்கள் மதுரை சுல்தானுக்கு வேண்டியவர்கள் என்று இவர்கள் சொல்ல, சுல்தானுக்கு ஆளனுப்பினார்கள். பதில் வரும்வரை மூன்று நாள் ஒரு காட்டில் வைத்துச் சாப்பாடு கொடுத்தார்கள். நல்ல மீன் கொடுத்தார்கள். கூடவே வத்தகப்பழம் போல ஒரு பழம். பனை இனத்து மரமொன்றின் பழம் அது. உள்ளே பஞ்சுபோல இருக்கும், அதற்குள் தேன் போன்ற ஒன்று இருக்கும், அதைப் பிழிந்தெடுத்துச் சீனி போன்ற இனிப்பும் செய்வார்கள் என்று தன் நாட்டவர்களுக்கு விளங்கப்படுத்துகிறார்.

இந்த இடத்தை வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். பனம்பழத் தும்பைச் சூப்பி வளர்ந்த யாருக்கும் இதற்கு விளக்கம் வேண்டாம். 2008இல் மன்னார்க் கரையிலிருந்து உழவு இயந்திரத்தில் கிளம்பி, கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு என்று ஒவ்வொரு ஊராகப் பின்வாங்கியபோது, முன்பின் தெரியாத ஒரு வளவில் எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைத்த முதல் சாப்பாடு என்ன என்பது எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. அந்த வளவுக்குப் போன திகதி நினைவில்லை.

விருந்து கொடுத்தவரின் கொடுமை

மதுரை சுல்தான் கியாசுத்தீன், இப்னு பதூதாவுக்குச் சகலன். தில்லியில் அவர் மணந்த பெண்ணும் கியாசுத்தீனின் மனைவியும் சகோதரிகள், மதுரை அரசை நிறுவிய ஜலாலுத்தீன் அஹ்சானின் மகள்மார். சுல்தான் பல்லக்கும் குதிரைகளும் அனுப்பி அழைத்தார். உறவுமுறை, ஒரே மதம், ஆதரவு, பணம் எல்லாம் அவரிடமிருந்துதான் கிடைக்க வேண்டியிருந்தது.

சுல்தானின் படை காட்டு வழியாகப் போனபோது இப்னு பதூதாவும் கூடப் போனார். காட்டில் அகப்பட்ட இந்துக் குடிகளை மனைவி பிள்ளைகளோடு பிடித்தார்கள். இரு முனையும் கூராக்கிய கழுமரங்களை அவர்கள் தோளிலேயே சுமத்தி முகாமுக்குக் கொண்டுவந்தார்கள். விடிந்ததும் நான்கு பிரிவாக்கி முகாமின் நான்கு வாசல்களுக்கும் கொண்டுபோய், அவர்கள் சுமந்துவந்த மரங்களிலேயே ஆண்களைக் கழுவேற்றினார்கள். பெண்களையும் குழந்தைகளையும் அங்கேயே வைத்துக் கொன்றார்கள். இன்னொரு நாள் சுல்தானோடு இருந்து சாப்பிடும்போது ஒரு மனிதனையும் மனைவியையும் ஏழு வயது மகனையும் கொண்டுவந்தார்கள். சுல்தான் கையால் சைகை காட்டினார். இப்னு பதூதா முகத்தைத் திருப்பிக்கொண்டார். திரும்பிப் பார்த்தபோது தலைகள் நிலத்தில் கிடந்தன.

இதையெல்லாம் அவர் எழுதவைத்திருக்கிறார். வேறெந்த அரசரும் செய்து தான் காணாத இழிசெயல் இது என்றும், இதற்காகவே இறைவன் அந்தச் சுல்தானின் சாவை விரைவுபடுத்தினான் என்றும் சொல்லியிருக்கிறார். கொன்றவர் அவருடைய சகலன், அவருடைய மதத்தவர், அவருக்குச் சோறு போட்டவர். கொல்லப்பட்டவர்களை அவர் காபிர்கள் என்றே எழுதுகிறார். அப்படியிருந்தும் மறைக்கவில்லை. அவரை நான் புனிதராக்க வரவில்லை. அடிமைகளை வாங்கினார், விற்றார், போன ஊரெல்லாம் மனைவிமாரை விட்டு வந்தார். சுல்தானின் முன்னால் எழுந்து நின்று தடுக்கவும் இல்லை. தொழுகை நேரம் என்று சாட்டுச் சொல்லி ஒரு தடவை எழுந்துபோனார், சுல்தான் விளங்கிக்கொண்டு சிரித்தார். ஆனால் பார்த்ததைப் பார்த்தேன் என்று பிறகு சொன்னார். அந்தக் காட்டில் செத்தவர்களுக்காக இன்றைக்கு இருக்கும் நேரடிச் சாட்சியம் அவருடையதுதான்.

மதுரையில் கொள்ளைநோய் பரவியது. சுல்தானின் மகன், தாய், மனைவி, கடைசியில் சுல்தான் என்று எல்லோரும் போனார்கள். காய்ச்சலில் விழுந்த இப்னு பதூதா புளியை நிறையக் கரைத்துக் குடித்து மூன்று நாள் பேதியாகிப் பிழைத்ததாகச் சொல்கிறார்.

ஞாபகத்தில் மிஞ்சியவை

அங்கிருந்து கொல்லம் போனார். ஹொனாவருக்குப் போகும் வழியில் பன்னிரண்டு கப்பல்களில் வந்த கொள்ளைக்காரர் மறித்தார்கள். இலங்கை மன்னர் கொடுத்த முத்தும் மாணிக்கமும், உடுப்புகளும், வழிச் சாப்பாடும் எல்லாம் போயின. மறுபடியும் காற்சட்டையோடு கள்ளிக்கோட்டைக் கரையில் நின்றார். ஒருவர் அங்கி கொடுத்தார், ஒருவர் தலைப்பாகை கொடுத்தார், ஒரு வியாபாரி இன்னொரு உடுப்புக் கொடுத்தார். புகாராவில் கல்லறைகளிலிருந்து எழுதியெடுத்த குறிப்புகளும் கடற்கொள்ளையில் போய்விட்டதாக ஓரிடத்தில் சொல்கிறார்.

அதன்பிறகு சீனா வரை போனதாகச் சொல்கிறார். 1348இல் டமாஸ்கஸ் வந்தபோது, தகப்பன் இறந்து பதினைந்து வருடம் என்று தெரிந்தது. அந்த நகரத்தில் விட்டுப்போன, ஒருதடவையும் கண்டிராத மகன் இறந்தும் பன்னிரண்டு வருடம். பெருங்கொள்ளைநோய் பரவிக்கொண்டிருந்தது. முஸ்லிம்களும் யூதர்களும் கிறிஸ்தவர்களும் நோன்பிருந்து அழுதபடி ஒன்றாக ஊர்வலம் போனதை அங்கே கண்டார். 1349இல் மொரோக்கோவுக்குத் திரும்பினார். அதே நோயில் தாய் சில மாதங்களுக்கு முன்னர் இறந்திருந்தார். வீட்டை விட்டுப் போய் 24 வருடம் ஆகியிருந்தது. பிறகும் ஸ்பெயினுக்கும், சகாராவைக் கடந்து மாலிக்கும் போய்வந்தார்.

மொரோக்கோ சுல்தான் அபூ இனானின் கட்டளைப்படி, இப்னு ஜுஸை என்ற எழுத்தர் முன்னால் இருந்து தன் வாழ்க்கையைச் சொன்னார். 1355 டிசம்பரில் சொல்லி முடித்தார். அரசவையில் பலர் நம்பவில்லை. அவர் பொய் சொல்கிறார் என்று குசுகுசுத்தார்கள் என இப்னு கல்தூன் என்ற வரலாற்றறிஞர் எழுதியிருக்கிறார். நீ காணாத காரணத்தால் ஒன்றைப் பொய் என்று சொல்லாதே என்ற கருத்தில் ஒரு அமைச்சர் தனக்குப் புத்தி சொன்னதையும் அவரே எழுதுகிறார். இன்றைய ஆய்வாளர்களும் அவருடைய திகதிகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்றும், சில இடங்களுக்கு அவர் போயே இருக்கமாட்டார் என்றும் காட்டுகிறார்கள். அவர்கள் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் பனம்பழத்தின் பஞ்சும் தேனும் சரி. கழுமரங்களைச் சுமந்தவர்களின் தோளும் சரி. அவர் 1368 அளவில், மொரோக்கோவின் ஒரு ஊரில் காதியாக இருந்தபடி இறந்தார்.

மனிதருடைய ஞாபகத்தில் திகதி முதலில் உதிர்ந்துபோகும், ஊர்ப் பெயர்கள் இடம் மாறும். சோறு போட்டவரின் முகமும், கொன்றவரின் கையும் இலகுவில் போகாது. விசாரணைக் குழுவுக்கு இதை விளங்கப்படுத்த அன்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது நானும் ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். மாத்தளனிலிருந்துதான் தொடங்க நினைத்தேன். ஆனால் நம்மவர் செய்ததையும் சொல்லாமல் நமக்குச் செய்யப்பட்டதை மட்டும் சொன்னால், இப்னு பதூதாவின் முன்னால் என் சாட்சியம் பாதிதான் என்று பட்டது. அதனால் 1990 ஒக்டோபரிலிருந்து தொடங்கினேன். எங்கள் பெயரால் அது நடந்தது. அடுத்த வளவுக்காரர் கையில் தூக்கக்கூடியதை மட்டும் தூக்கிக்கொண்டு போனார்கள். நாங்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். இரண்டு மாதம் கழித்து, எங்கள் குசினிக்குக் கதவு போட வேண்டும் என்று அவர்கள் வீட்டு அறைக் கதவைக் கழற்றிக்கொண்டு வந்தோம். பாலை மரக் கதவு. ஒரு பக்கம் பிள்ளைகள் உயரம் அளந்து கீறிய கோடுகள் இருந்தன. எங்கள் வீடும் பிறகு ஷெல்லில் போய்விட்டது, அந்தக் கதவும் அதோடு போய்விட்டது.

அடுத்த மாதம் புத்தளம் போகிறேன். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொப்பியின் முதல் பக்கத்தையும் அவனுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அந்தக் கோடுகளில் ஒன்று அவனுடையது.